சாவு வீட்டில் எழுந்து நடந்தவர்

வெறும் வயிற்றோடு யாராவது எதிரே நின்றால் குமுதாவுக்குப் பொறுக்காது. மலேசியாவின் கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியின் கேன்டீனை இருபது வருடத்துக்கும் மேலாக நடத்தியவள். காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளையை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவாள். தலைவலி என்று வந்து நிற்கிற ஆசிரியையாக இருந்தாலும் நாலு வாய் உள்ளே போன பிறகுதான் மாத்திரையைக் கண்ணில் காட்டுவாள். வெறும் வயிற்றில் மருந்து போட்டால் குடல் வெந்துவிடும் என்பது அவள் கட்சி. இங்கிலீஷ் மருந்து எல்லாமே சூடு, அந்தச் சூட்டை அடக்கப் பால் வேண்டும். இதை யார் சொன்னது என்று கேட்டால், இதையெல்லாம் ஒருத்தர் சொல்லவா வேண்டும் என்று எதிர்க்கேள்வி போடுவாள்.

கேன்டீனை மூடிய பிறகு அவள் சோறு போடுவதற்கு மிச்சம் இருந்தது ஒரே ஓர் ஆள்தான், கணவர் ரெங்கசாமி. துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். ஓய்வுக்குப் பிறகு வலது கை தானாக நடுங்க ஆரம்பித்தது. நடக்கும்போது அந்தக் கை வீசாமல் இடுப்போடு ஒட்டிக்கொண்டது. முதலில் நரம்புத் தளர்ச்சி என்றார்கள், பிறகு பார்க்கின்சன் என்றார்கள். பெயர் வைத்ததோடு சரி. குணமாகாது, மாத்திரையால் சமாளிக்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

நோயைப் பற்றிக் குமுதாவுக்கு விளங்கியது இவ்வளவுதான்: மூளையில் ஏதோ ஒரு சத்து வற்றிப்போகிறது, மாத்திரை அதை ஊற்றிக் கொடுக்கிறது. சத்து என்ற சொல் காதில் விழுந்ததுமே அவளுக்குத் தெம்பு வந்துவிட்டது. சத்து விஷயத்தில் அவளை யார் மிஞ்ச முடியும்? காலையில் இரண்டு அரைவேக்காட்டு முட்டை, பெரிய குவளை நிறைய பால். சுங்கை வேயில் இருக்கும் மகள் மாதவி மாதாமாதம் வாங்கி வரும் புரதச்சத்து மாவு, அதில் கரண்டி கரண்டியாக. அந்தப் பாலோடுதான் மாத்திரை. மத்தியானம் மீனும் பருப்பும் சாப்பிட்டு முடித்த கையோடு மாத்திரை, அதற்கும் பால். சாயங்காலமும் அப்படியே. ஆரம்பத்தில் மாத்திரை போட்டால் அவருக்குக் குமட்டியது. சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள் என்று ஒரு டாக்டரே சொன்னார். பிறகு என்ன? டாக்டரும் தன் கட்சிதான் என்று அவள் முடிவு செய்துகொண்டாள்.

ஆனால் ஆள் தேறவில்லை. குளியலறை வாசலுக்கு வந்ததும் ரெங்கசாமியின் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். உள்ளேயும் போகமாட்டார், வெளியேயும் வரமாட்டார். "தூக்கி வைங்க, காலத் தூக்கி வைங்க" என்று அவள் பின்னால் நின்று கத்துவாள். சட்டைப் பொத்தான் போட அவள் வேண்டும், நாற்காலியிலிருந்து எழுப்ப அவள் வேண்டும், படுக்கையில் புரட்டிப் போடவும் அவளே வேண்டும். அவள் இடுப்பு விட்டுப்போயிற்று. கோயிலுக்குப் போய் எத்தனை நாளாயிற்று என்பதே அவளுக்கு நினைவில்லை.

அரசாங்க மருத்துவமனைக்குப் போனால் ஒவ்வொரு தடவையும் வேறு ஒரு டாக்டர். எல்லாரும் பிள்ளைகள் வயது, எல்லாரும் அவசரம். நம்பர் வரும்வரை பாதி நாள் உட்கார்ந்து, உள்ளே போனால் வெற்றிலை பாக்கு போடுகிற நேரம்கூட ஆகாது. முன்னேற்றம் இருக்கிறதா என்று மலாயில் கேட்பார்கள். இல்லை என்று தலையாட்டுவாள். மருந்தைக் கூட்டி எழுதுவார்கள். அரை மாத்திரை ஒன்றாயிற்று, ஒன்று ஒன்றரை ஆயிற்று. அளவு ஏறியதே தவிர ரெங்கசாமி ஏறவில்லை. இவ்வளவு கொட்டியும் ஒரு மனுஷன் எழுந்து நிற்காவிட்டால், கொட்டுகிறவளுக்கு எரிச்சல் வருமா வராதா?

இப்படி இருக்கும்போதுதான் பக்கத்து ஊரான காப்பாரில் ராதாகிருஷ்ணன் செத்துப்போனார்.

ராதாகிருஷ்ணன், ரெங்கசாமிக்குப் பெரியப்பா மகன். தோட்டத்தில் ஒரே லயத்து வீட்டில் வளர்ந்தவர்கள். விடிந்ததும் மாதவி காரோடு வந்துவிட்டாள். பெற்றோரைக் காப்பாரில் இறக்கிவிட்டு வேலைக்கு ஓடிப்போய், சாயங்காலம் திரும்ப வருவதாக ஏற்பாடு. குமுதா வழக்கம்போல ஃபிளாஸ்க்கில் பாலை ஊற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். ஆனால் சாவு வீட்டில் அவள் சட்டம் செல்லவில்லை. பங்காளிகள் பெட்டியை எடுக்கிற வரைக்கும் பல்லில் எதுவும் படவிடக்கூடாது என்பது அந்தக் குடும்பத்தில் இன்றும் கண்டிப்பு. அடுப்பு பற்றவைக்கவில்லை. அவள் ஃபிளாஸ்க்கைத் திறக்கப் போனதைப் பார்த்து ரெங்கசாமியின் தங்கை மாரியாயி, பந்திங்கிலிருந்து வந்தவள், கையை நீட்டித் தடுத்துவிட்டாள்.

"என்னா அண்ணி இது? பொணத்த நடு வீட்டுல வெச்சுக்கிட்டு அண்ணனுக்குப் பாலு குடுக்குறீங்க?"

"மருந்து குடுக்கணும்லா. வெறும் வயித்துல எப்படிக் குடுக்குறது?"

"ஒரு நாளைக்குச் செத்துப் போயிட மாட்டாரு. தண்ணியில குடுங்க."

குமுதா பல்லைக் கடித்துக்கொண்டு பாட்டில் தண்ணீரில் மாத்திரையைக் கொடுத்தாள். மத்தியான மாத்திரையும் அதே பச்சைத்தண்ணீரோடுதான் போயிற்று.

அதற்குப் பிறகு நடந்ததை அவள் தன் கண்ணாலேயே பார்த்தாள். பந்தலுக்கு அடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் மரமாக உட்கார்ந்திருந்தவர், தானாக எழுந்து நின்றார். யாரும் கை கொடுக்கவில்லை. உள்ளே நடந்து போய் அண்ணன் பெட்டியருகே நின்று அழுதார். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல் இத்தனை காலம் பொம்மை மாதிரி இருந்த மனிதர், வாய் கோணி அழுதார். பெட்டியைத் தூக்கும் நேரம் வந்ததும், வேண்டாம் என்று இளவட்டங்கள் தடுத்தும் கேட்காமல், முன்பக்கத்தில் தோள் கொடுத்து வீட்டு வாசலிலிருந்து சாலையில் நின்ற சவ வண்டி வரைக்கும் நடந்தார். கால் ஒட்டவில்லை. கழுத்தும் தோளும் மட்டும் சும்மா இல்லாமல் இப்படியும் அப்படியும் நெளிந்துகொண்டே இருந்தன. தப்பு அடிக்கிற தாளத்துக்குத் தலையாட்டுகிறார் என்று சனங்கள் நினைத்துக்கொண்டார்கள்.

குமுதாவுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். ஒரு நொடி வந்தது. அதற்குள் மாரியாயி பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணனுக்கு என்னா நோவு அண்ணி? நல்லாத்தானே இருக்காரு. ஒக்கார வெச்சு ஒக்கார வெச்சு நீங்கதான் அவர நோயாளியாக்கிட்டீங்க."

சுற்றியிருந்த பெண்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். குமுதாவுக்குச் சுரீர் என்றது. நாலு வருடம்! பீ மூத்திரம் அள்ளியது யார், முதுகு தேய்த்தது யார், தூக்கம் கெட்டது யார்? இவள் தீபாவளிக்கு ஒரு தடவை முறுக்கு டின்னோடு வந்து போகிறவள். பதில் சொல்ல வாயைத் திறந்தவள், ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு அந்த இடத்தைவிட்டுப் போய்விட்டாள். ஏனென்றால் அவள் மனசுக்குள்ளேயே வேறொரு கேள்வி எழுந்து உட்கார்ந்திருந்தது. இங்கே நடக்க முடிகிறவருக்கு வீட்டில் மட்டும் ஏன் முடியவில்லை?

ஆண்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பியதும் சாப்பாடு போட்டார்கள். சோறு, பருப்பு, தயிர். பட்டினி கிடந்தவர் என்று குமுதா தயிரை இரண்டு தடவை ஊற்றினாள். சாயங்கால மாத்திரையைக் கையோடு ஃபிளாஸ்க் பாலில் கொடுத்தாள். மாதவி வந்து இருவரையும் ஏற்றிக்கொண்டு கிள்ளான் வந்து சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. சாவுத் தீட்டோடு வீட்டுக்குள் நுழையக்கூடாது. வாசல் குழாயில் தலை முழுகிவிட்டுத்தான் போகவேண்டும். குமுதா இறங்கிக் குழாயைத் திறந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். ரெங்கசாமி காருக்குள்ளேயே இருந்தார்.

"எறங்குங்க."

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கால் அசையவில்லை.

"எறங்குங்கன்னு சொல்றேன்ல!"

"முடியல குமுதா."

அவ்வளவுதான். காலையிலிருந்து அடக்கி வைத்தது எல்லாம் வாசலில் கொட்டிவிட்டது. பக்கத்து வீட்டுச் சீனர் கேட்டருகே வந்து நின்றதையும் அவள் லட்சியம் பண்ணவில்லை.

"முடியலயா? ஒங்க அண்ணனத் தூக்க முடிஞ்சுச்சு. ஊரு சனத்துக்கு முன்னால வீர நட நடந்து காட்ட முடிஞ்சுச்சு. என் வீட்டுக்கு வந்தா மட்டும் முடியலயா? நடிக்கிறீங்களா? நாலு வருஷமா என்கிட்ட நடிச்சுக்கிட்டா இருக்கீங்க?"

"அம்மா, போதும் லா" என்று மாதவி நடுவில் வந்தாள். ரெங்கசாமியின் முகம் பழையபடி பொம்மையாகிவிட்டது. அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆத்திரம் கூடியது. திட்டினால் ஒரு மனுஷனுக்கு மூஞ்சியாவது சுருங்கவேண்டாமா?

அன்றிலிருந்து குமுதா கையைக் கட்டிக்கொண்டாள். எழுப்பமாட்டேன், எழுந்து வரட்டும். பொத்தான் போடமாட்டேன், போட்டுக்கொள்ளட்டும். மாத்திரையும் முட்டையும் பாலும் மட்டும் நேரம் தவறாமல் மேசைக்கு வந்தன. கோபம் வேறு, சாப்பாடு வேறு.

ஒரு நாள் காலை, பால் குடித்து முடித்தவர் பாத்ரூம் போகவேண்டும் என்றார். "போங்களேன். வழி தெரியாதா?" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருந்தாள். நாற்காலி கிறீச்சிட்டது. மறுபடி கிறீச்சிட்டது. அப்புறம் சத்தமில்லை. திரும்பி வந்து பார்த்தபோது நாற்காலிக்கு அடியில் ஈரம் பரவியிருந்தது. அவர் இரண்டு கைப்பிடிகளையும் பிடித்தபடி குனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நடிக்கிறவன் இதுவரைக்கும் போவானா? அவளுக்குப் புரியவில்லை. புரியாததுதான் அவளைக் கொன்றது. அவர் மேல் கோபப்படுவதா, தன் மேல் கோபப்படுவதா என்று தெரியாமல் அழுதுகொண்டே தரையைத் துடைத்தாள்.

அடுத்த வாரம் மருத்துவமனை. மாதவி கொண்டுவந்து விட்டுப் போனாள். இந்தத் தடவையும் புது டாக்டர். குமுதா தனக்குத் தெரிந்த மலாயில் எல்லாவற்றையும் கொட்டினாள்: வெளியே நடக்கிறார், வீட்டில் நடப்பதில்லை. டாக்டர் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே, இந்த நோயில் நல்ல நேரமும் கெட்ட நேரமும் மாறி மாறி வரும், மருந்தை இன்னும் கொஞ்சம் கூட்டுவோம் என்றார். ஒன்றரை இரண்டாயிற்று. கதவு திறந்தது, அடுத்த நோயாளி உள்ளே வந்துவிட்டார்.

ரெங்கசாமியைச் சக்கர நாற்காலியில் கூடத்தின் மறுகோடியில் மின்விசிறிக்கு அடியில் நிறுத்திவிட்டு, குமுதா ஃபார்மசி கவுண்டருக்குப் போனாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணின் சட்டையில் நிரஞ்சனி என்று பெயர் குத்தியிருந்தது. மருந்தை நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு அவள் தமிழில் கேட்டாள்.

"ஆன்டி, டோஸ் மறுபடியும் ஏத்தியிருக்காங்க. வீட்டுல எப்படிக் குடுக்குறீங்க?"

இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை, அதுவும் தமிழில். குமுதாவுக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்துவிட்டது.

"வெறும் வயித்துல குடுக்கவே மாட்டேன்மா. ரெண்டு முட்ட, பெரிய கப்புல பாலு, அதுல புரோட்டின் மாவு. அந்தப் பால்லதான் மாத்திரை. மத்தியானமும் நல்லா மீனு பருப்பு சாப்ட்ட ஒடனேதான்."

நிரஞ்சனி மருந்துப் பையைக் கீழே வைத்தாள். "எப்பயாச்சும் அங்கிள் நல்லா நடந்திருக்காரா? சமீபத்துல?"

"நடந்தாரே! ஒரு சாவு வீட்டுல. பெட்டியவே தூக்குனாரு."

"அன்னைக்கு மருந்து சாப்பிட்டப்ப என்ன சாப்பாடு?"

"சாவு வீட்டுல என்னாம்மா சாப்பாடு? பெட்டிய எடுக்குற வரைக்கும் பச்சத்தண்ணி…"

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றுவிட்டாள்.

நிரஞ்சனி நிதானமாக விளக்கினாள். முட்டையிலும் பாலிலும் பருப்பிலும் இருக்கிற புரதமும் இந்த மருந்தும் உடம்புக்குள் போக ஒரே வாசல்தான். இரண்டும் சேர்ந்து போனால் புரதம் முந்திக்கொள்ளும், மருந்து வெளியிலேயே நின்றுவிடும்.

"மாத்திரையில எழுதியிருக்கிறது ஒரு அளவு ஆன்டி. மூளைக்குப் போய்ச் சேர்றது வேற அளவு. நீங்க ஒன்னரை குடுத்தீங்க, அங்கிளுக்குப் போய்ச் சேந்தது அதுல கொஞ்சம்தான். அன்னைக்குத்தான் முழுசாப் போயிருக்கு. கழுத்து, தோளு எதுவும் ஆடுச்சா?"

"ஆடுச்சு. தப்புக்கு ஆடுறாருன்னு நெனச்சாங்க."

"அது மருந்து கூடிப்போன ஆட்டம். முழுசாப் போய்ச் சேந்தா ஒன்னரையே அவருக்கு அதிகம்போல இருக்கு. இதுல ரெண்டு குடுத்தா எப்படி? இருங்க, நான் டாக்டர்கிட்ட பேசுறேன். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால தண்ணியில குடுங்க. கொமட்டுனா ரெண்டு கிரேக்கர் பிஸ்கட், அவ்வளவுதான். முட்ட, பாலு எதையும் நிறுத்தவேணாம், அப்புறமாக் குடுங்க."

குமுதா கவுண்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் குரல் வந்தது, கூடமே திரும்பிப் பார்க்கிற குரல்.

"நாலு வருஷம்மா! நாலு வருஷமா இந்த ஆஸ்பத்திரிக்கு வரேன். கூட்டிக் கூட்டிக் குடுத்தாங்களே, எதோட குடுக்குறேன்னு ஒருத்தராச்சும் கேட்டாங்களா? சாப்பாட்டுக்குப் பெறகு குடுன்னு சொன்னதே ஒங்க டாக்டருதான்!"

"மொதல்ல கொமட்டல் இருந்ததால அப்படிச் சொல்லியிருப்பாங்க. அப்புறம் மாத்திச் சொல்லியிருக்கணும்."

"யாரு சொல்லியிருக்கணும்?"

"நாங்கதான் ஆன்டி" என்றாள் நிரஞ்சனி.

அந்தப் பதிலை வைத்துக்கொண்டு சண்டை போட முடியவில்லை. அதுவே குமுதாவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. நிரஞ்சனி உள்ளே போய் வெகுநேரம் டாக்டரோடு பேசிவிட்டு வந்தாள். அளவைக் கூட்டவில்லை, ஒன்றரையை ஒன்றாகக் குறைத்து இரண்டு வாரம் பார்ப்போம், ஆட்டம் வந்தாலும் கால் ஒட்டினாலும் உடனே கூப்பிடுங்கள் என்று எண் எழுதிக் கொடுத்தாள்.

மாதவியின் காரில் திரும்பி வரும்போது குமுதா இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தன் வாயாலேயே தன்னைக் குற்றவாளி என்று சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் அந்தப் பொம்மை முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். ஜாமில் கார் ஊர்ந்தது. பின்சீட்டில் ரெங்கசாமி கண்ணை மூடியிருந்தார்.

மறுநாள் காலை மாத்திரையையும் வெறும் தண்ணீரையும் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் பாலைத் தேடிச் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"பாலு அப்புறம். மொதல்ல இதக் குடிங்க."

பட்டினியாக ஒரு மனுஷனை உட்கார வைத்துவிட்டு அரை மணி நேரம் சும்மா இருப்பது அவளுக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. முட்டையை எடுத்தாள், வைத்தாள். கடிகாரத்தை முறைத்தாள். வெங்காயம் உரித்தாள், தேவையே இல்லாமல். பின்னால் நாற்காலி கிறீச்சிட்ட சத்தம் கேட்டும் திரும்பவில்லை. திரும்பப் பயமாக இருந்தது.

திரும்பியபோது ரெங்கசாமி அடுப்படி வாசலில் நின்றிருந்தார். சட்டையின் மேல் பொத்தான் இரண்டைத் தானே போட்டிருந்தார். வாசலில் கால் ஒட்டும் என்று அவள் கை தானாக நீண்டது. அவர் நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்து, மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

குமுதா வெடித்துவிட்டாள். அழுகையா கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை. பால்தாங்க, அந்தப் பாலும் முட்டையும்தான், மருந்தை உள்ளே விடாமல் மறித்துக்கொண்டு நின்றது நான் ஊட்டின சாப்பாடுதான் என்று மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள். டாக்டர்களைத் திட்டினாள், மாவு டின்னைத் திட்டினாள், மாரியாயியைக்கூட விடவில்லை. "ஆக மொத்தம் என் கையாலதான் ஒங்கள மொடக்கிப் போட்டேன். திட்டுங்க. ஏதாச்சும் சொல்லித் திட்டுங்க" என்று அவர் முன்னால் நின்றாள்.

ரெங்கசாமி திட்டவில்லை. எதையோ உறுதிப்படுத்திக்கொள்வது போல அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"அப்ப நான் நடிக்கலதானே, குமுதா?"

அவள் நாற்காலியை இழுத்து அவர் பக்கம் போட்டாள்.

"நீ சொன்னதுலேருந்து நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். காலு நல்லாத்தான் இருக்கு, எனக்குத்தான் மனசு இல்லன்னு."